சேலத்தில் இரண்டு நாள் வேலை: தனியாக வரும் பெண்களுக்கு

சேலம் பாதுகாப்பான ஊரா என்று கேட்பதைவிட, எத்தனை மணிக்கு, சேலத்தின் எந்த முனையில் இறங்கப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டால் உருப்படியான பதில் கிடைக்கும். பகலில் கடைத்தெரு, டவுன் பஸ், கோயில், கொலுசுப் பட்டறை என்று எங்கே பார்த்தாலும் பெண்கள் நடமாட்டம்தான். புதிதாக வருகிறவர் சிக்கிக்கொள்வது அநேகமாக இடப்பெயர்க் குழப்பத்தில். பகல் பத்து மணிக்கு அது வெறும் அலைச்சல். இரவு பதினொரு மணிக்கு அப்படியில்லை. அதனால் பெயர்களிலிருந்தே தொடங்குகிறேன்.

சேலம் என்ற பெயரோடு மூன்று ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் 'ஜங்ஷன்' என்று சொல்வது சூரமங்கலத்தில், ஊரின் மேற்குப் பக்கம். சென்னை, கோவை வண்டிகள் நிற்பது அங்கேதான். சேலம் டவுன், சேலம் மார்க்கெட் இரண்டும் விருத்தாசலம் பாதையில் இருப்பவை. எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக வரும் சேலம் எக்ஸ்பிரஸ் டவுனிலும் நிற்கும். கோட்டைப் பக்கம் வேலை என்றால் ஜங்ஷன் வரை போகாமல் டவுனிலேயே இறங்கிக்கொள்ளலாம். டிக்கெட் எடுக்கும்போது நிலையத்தின் முழுப் பெயரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பஸ் ஸ்டாண்டு இரண்டு. வெளியூர் பஸ்கள் வந்துபோகும் புது பஸ் ஸ்டாண்டு அஞ்சு ரோட்டுப் பக்கம் இருக்கிறது. பலகையில் எம்.ஜி.ஆர். மத்திய பேருந்து நிலையம் என்றிருக்கும். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டவுன் பஸ்களின் மையமான பழைய பஸ் ஸ்டாண்டு கோட்டையை ஒட்டியது, இப்போது ஈரடுக்காகக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஆட்டோவில் "பஸ் ஸ்டாண்டு போங்கண்ணா" என்றால், "பழசுங்களா, புதுசுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்காமல் வண்டியை எடுத்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது பைபாஸ். பெங்களூரிலிருந்து மதுரைக்கும், சென்னையிலிருந்து கோவைக்கும் ஓடும் ஆம்னி பஸ்களில் பல ஊருக்குள் வருவதில்லை. கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி, திருவாக்கவுண்டனூர் என்று நெடுஞ்சாலைச் சந்திப்பில் இறக்கிவிட்டுப் போய்விடும். லாரிச் சத்தமும் மேம்பாலத் தூணும் உள்ள இடத்தில், பின்னிரவு இரண்டு மணிக்குப் பெட்டியோடு நிற்க வேண்டியிருக்கும். புக் செய்யும்போது 'இறங்கும் இடம்' என்ற வரியைத் திறந்து பாருங்கள், வெறும் 'சேலம்' என்று மட்டும் இருந்தால் பஸ் கம்பெனிக்குப் போன் செய்து, "புது பஸ் ஸ்டாண்டுக்குள்ள போவீங்களா, பைபாஸ்ல இறக்குவீங்களா?" என்று கேளுங்கள். பைபாஸ்தான் என்றால், தங்கும் ஹோட்டலிலிருந்து வண்டி வரச் சொல்லிவிட்டு ஏறுங்கள். இல்லையென்றால் அந்த பஸ்ஸே வேண்டாம்.

ரயில்தான் என் முதல் பரிந்துரை. காலையில் சென்னையிலிருந்து கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸ் முற்பகலில் சேலம் வந்துவிடும். கோவையிலிருந்து அதிகாலையில் புறப்படும் வந்தே பாரத் எட்டு மணி வாக்கில் இங்கே இருக்கும். அன்றைக்கே கூட்டம் வைத்துக்கொள்ளலாம். இரவில் சென்ட்ரலிலிருந்து வரும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஒரு சங்கடம் உண்டு. சேலத்துக்கு அது விடியுமுன்னே வந்துவிடும். அந்த நேரத்தில் வெளியே போய் ஆட்டோ பேரம் பேச வேண்டாம். பெண்கள் காத்திருப்பு அறையில் வெளிச்சம் வரும்வரை உட்காருங்கள். ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஓய்வறை கிடைத்தால் பதிவு செய்துகொண்டு, குளித்து உடை மாற்றியே வேலைக்குக் கிளம்பலாம். விமானத்தில் வருகிறவர்கள் கவனிக்க: விமான நிலையம் ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில், ஊரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். வெளியே வந்து வண்டி தேடாமல் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

அறை

எந்தப் பக்கம் தங்குவது என்பதை வேலை இருக்கும் இடம் தீர்மானிக்கட்டும். ஆனாலும் சாயங்காலம் கொஞ்சம் வெளியே நடக்க ஆசைப்படுகிறவருக்கு அஞ்சு ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி வட்டாரம் நல்லது. கடைகளும் சாப்பாட்டு இடங்களும் நிறைய, தெரு வெளிச்சம் போதுமானது. புது பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள லாட்ஜ்கள் வசதிதான். ஆனால் ரோட்டைப் பார்த்த அறையில் ஹாரன் சத்தம் இரவு முழுக்க ஓயாது. பின்பக்க அறையாகக் கேளுங்கள்.

போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பார் இருக்குங்களா? இருந்தா வாசல் தனியா, ஒண்ணா?" நம் மாநிலத்தில் நடுத்தர ஹோட்டல்கள் பலவற்றில் பார் இணைந்தே இருக்கும். அதே வரவேற்பறை, அதே லிஃப்ட் என்றால் இரவு ஒன்பதுக்கு மேல் கீழே இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்குவதுகூடத் தயக்கமாகிவிடும். அடுத்தது செக்-அவுட் முறை. இங்குள்ள லாட்ஜ்கள் சிலவற்றில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு, சிலவற்றில் பகல் 12 மணி. விடியற்காலையில் வந்து சேருகிறவருக்கு 24 மணி நேரக் கணக்கு லாபம்.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை தர முகம் சுளிக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. செயலியில் பணம் கட்டிவிட்டுப் போய் நின்றால், "ரூம் இல்லீங்க" என்ற பதில் வரலாம். தனியாக வருகிற பெண்ணுக்கு அறை தரக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் இரவு நேரத்தில் வரவேற்பறையில் நின்று சட்டம் பேசும் நிலைமைக்கு நாம் போகவே வேண்டாம். முதல் நாளே நேரடியாகப் போன் செய்து, "நான் ஒருத்திதான், கம்பெனி வேலையா வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் குரல் இழுத்தால் வேறு இடம் பாருங்கள். ஆதார் அசலும் அலுவலக அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். நகல் கேட்டால், எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரைக் கொடுத்தால் போதும். முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டார் லாட்ஜ்களை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். தை, வைகாசி, ஆவணியில் வருவதாக இருந்தால் காலண்டரைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் கோட்டை மாரியம்மன் திருவிழாவும், குகைப் பக்கம் சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையும் இருக்கும். அந்த நாட்களில் பழைய பஸ் ஸ்டாண்டு வட்டாரத்தில் வண்டி நகராது.

சாவி வாங்கும்போது அறை எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், எழுதிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். தரைத் தளம் வேண்டாம். உள்ளே போனதும் பையை வைக்குமுன் பார்க்க வேண்டியவை: மேல் தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா, பக்கத்து அறைக்குக் கதவு இருக்கிறதா, பாத்ரூம் வென்டிலேட்டர் எதைப் பார்த்து இருக்கிறது, இன்டர்காமில் ரிசப்ஷன் எடுக்கிறார்களா. பழைய கட்டடங்களில் மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி, தாழ்ப்பாள் துளைக்கு நேராக நிற்காது. அது சரியில்லை என்றால் அறையையே மாற்றச் சொல்லுங்கள். "காலையில ஆள் அனுப்பறோம்" என்பதை ஏற்க வேண்டாம். கதவுக்கு அடியில் செருகுகிற ரப்பர் ஆப்பு ஒன்று பெட்டியில் இருந்தால், சரியில்லாத தாழ்ப்பாளோடு ஓர் இரவைக் கடத்த நேர்ந்தாலும் தைரியமாகத் தூங்கலாம்.

வேலை இடத்துக்குப் போவது

சேலத்து வேலை என்றால் பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான். ஸ்டீல் பிளான்ட் தாரமங்கலம் சாலையில். ஜவ்வரிசி ஆலைகள் ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வரைக்கும் சிதறிக் கிடக்கின்றன. பட்டுச் சேலைக்கு இளம்பிள்ளை. போகும்போது டாக்ஸி செயலியில் வண்டி எளிதாகக் கிடைக்கும். திரும்பும்போது அதே செயலியில் ஒரு வண்டியும் காட்டாது. ஆலை இருக்கும் கிராமத்துச் சாலையில் மாலை ஆறு மணிக்கு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. போகவர, காத்திருப்போடு சேர்த்து ஒரே வண்டி பேசிக்கொள்ளுங்கள். பணத்தை நீங்கள் ஊருக்குள் திரும்பிய பிறகு கொடுங்கள். மஞ்சள் நம்பர் பிளேட்டா என்று பார்த்து, ஏறுமுன் அதைப் படமெடுத்து அலுவலகத்தில் ஒருவருக்கு அனுப்பிவிட்டால் டிரைவருக்கும் அது தெரியும். தெரிவதில்தான் பாதிப் பயன்.

சேகோ ஃபேக்டரிக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறவர்கள் தரையை நினைத்துச் செருப்பைத் தேர்ந்தெடுங்கள். மரவள்ளிக் கிழங்கு கழுவும் இடமும் கிழங்குப் பால் இறக்கும் தொட்டிப் பக்கமும் எப்போதும் ஈரமாக, மாவு படிந்து வழுக்கும். திப்பி எனப்படும் கிழங்குச் சக்கை காயும் களத்தில் புளித்த வாடை தூக்கலாக இருக்கும். பழகாதவர்களுக்கு வெறும் வயிற்றில் குமட்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பெண்களுக்கான கழிப்பறை எல்லா ஆலையிலும் சரியாக இருப்பதில்லை. போகுமுன் போனிலேயே கேட்பதில் கூச்சமே வேண்டாம், அங்கே வேலை செய்யும் பெண்களுக்கும் நீங்கள் கேட்பது உதவும். ஊருக்குள் என்றால் பெரிய ஜவுளிக்கடைகளின் கழிப்பறைகள் சுத்தமாக இருக்கும், யாரும் தடுப்பதில்லை.

ஸ்டீல் பிளான்டில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் (சி.ஐ.எஸ்.எஃப்.) காவல். அனுமதிச் சீட்டை அழைத்தவர்கள் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். மூடிய ஷூ அவசியம். வேலை மத்தியானமே முடிந்தால் அதே சாலையில் மேலே போய்த் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையும், ரதி மன்மதன் சிற்பங்களும், தூணுக்குத் தூண் மாறும் வேலைப்பாடும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். நான்கு மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம்

வெளியூர்ப் பெண் தனியாக நடந்து பார்க்கச் சேலத்தில் நல்ல இடம் எதுவென்றால், நான் செவ்வாய்ப்பேட்டையைத்தான் சொல்வேன். நாலரை மணிக்குப் போய் ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மொத்த வியாபாரம் நடக்கும் லீ பஜாரும், வெள்ளிக் கடைகளும், கொலுசுப் பட்டறைகளும் அடுத்தடுத்த தெருக்களில். மூட்டை இறக்கும் லாரிகள் சந்துகளை அடைத்துக்கொண்டு நிற்கும் என்பதால் கைப்பையைச் சுவர்ப் பக்கமாக மாட்டிக்கொண்டு நடங்கள். பட்டறைக்குள் எட்டிப் பார்க்க ஆசையிருந்தால் கேட்டுவிட்டுப் போகலாம். "வாங்க கண்ணு, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிடும் அம்மாக்கள் உண்டு. சலங்கை முத்துகளைக் கோத்துப் பற்ற வைக்கும் நுண்ணிய வேலையில் பெண்களின் கை நிறையவே இருக்கிறது.

கொலுசு வாங்குவதாக இருந்தால் "எத்தனை டச்?" என்று கேளுங்கள். வெள்ளி எவ்வளவு சுத்தம் என்பதற்கு இங்கே அதுதான் சொல். பளபளப்பைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. டச் குறைந்த கொலுசும் மெருகு போட்ட புதிதில் டச் கூடியதைப் போலவே மின்னும், சில மாதத்தில்தான் கறுக்கும். எடை, டச், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதிய பில்லும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் இருக்கட்டும். திரும்ப மாற்ற வரும்போது எடையை மட்டும் சொல்லும் துண்டுச் சீட்டு உதவாது.

பசிக்கு, தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதன் மேல் காரச் சட்னியும் புதினாச் சட்னியும். உடைத்துப் போட்டுக் கலந்தால் நொறுக்கல். நின்றுகொண்டே சாப்பிடுவது, ஐந்து நிமிடத்தில் முடிவது, பெண்கள் கூட்டமாகச் சாப்பிடுவது. அதனால் தனியாக நிற்பவருக்கும் கூச்சம் இருக்காது. பச்சைக் காய் என்பதால் அவ்வப்போது துருவுகிற, கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும் கடையாகப் பாருங்கள். மத்தியானமே துருவி வைத்த பீட்ரூட் நீர் விட்டுக் கிடக்கும், பார்த்தாலே தெரியும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வந்தால் மல்கோவாவும் இமாம் பசந்தும் கிடைக்கும். ஊருக்கு எடுத்துப் போக, காம்புப் பக்கம் இன்னும் கெட்டியாக இருப்பதை வைக்கோல் வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

ஊருக்குள் போய்வர டவுன் பஸ்ஸே போதும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை காட்ட வேண்டியதில்லை, ஆனால் கட்டணமில்லாச் சீட்டைக் கண்டக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சுகவனேஸ்வரர் கோயிலும் கோட்டை மாரியம்மனும் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குள் அறைக்கு வந்துவிடலாம். கந்தாசிரமம், ஊத்துமலை இரண்டும் அழகான இடங்கள்தான். விசேஷமில்லாத நாளின் நடுப்பகலில் ஆளரவம் குறைவு, அங்கே துணையோடு போங்கள்.

ஏற்காடு, ஒரு பகலில்

கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் எல்லோருக்கும் மலைதான் நினைவுக்கு வரும். சனி, ஞாயிறு வேண்டாம். வார நாளில், காலை ஏழு மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் இருந்தால் போதும். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம், வழியில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவு இன்றும் நிற்கிறது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். சேலத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர், பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தலைசுற்றுகிறவர்கள் முன் பாதியில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். அவோமின் மாத்திரை வாந்தியை நிறுத்தும். கூடவே நன்றாகத் தூக்கமும் தரும். தனியாகப் போகிற நாளில் அந்த அரைத்தூக்கம் ஆகாது. இரண்டு இட்லியும் ஒரு துண்டு இஞ்சியும் போதும்.

இறங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று: கீழே போகும் பஸ்களின் நேரத்தை, கடைசி பஸ் உட்பட, கண்டக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கடைசி பஸ்ஸை மறந்துவிட்டு, மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் கிளம்புகிற பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் நான்கு மணிக்கே மூட்டம் இறங்கிவிடும். கடைசி பஸ் வராமல் போனால் மலையில் அறை தேட வேண்டிவரும். முந்தைய பஸ் வராமல் போனால் அடுத்த பஸ் இருக்கிறது.

ஏரியும் அண்ணா பூங்காவும் ஊர் நடுவிலேயே, நடந்தே பார்க்கலாம். லேடீஸ் சீட்டுக்கும் நடக்கலாம். அங்கிருந்து ஏறி வந்த மலைப்பாதை முழுவதும் கீழே வளைந்து கிடப்பது தெரியும். தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு அலுவலக நாளில் போங்கள். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைத் தாவரம் அங்கே இருக்கிறது. பகோடா பாயின்டுக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் மட்டும் ஆட்டோ பேசுங்கள். ஏறுமுன்பே இடங்களின் பெயரைச் சொல்லி, காத்திருப்பும் சேர்த்து ஒரே தொகை, இறங்கும்போது பணம், வழியில் வேறு யாரும் ஏறக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். சேர்வராயன் கோயில் 1,623 மீட்டர் உயரத்தில், வெட்டவெளியான மேட்டில் உள்ள குகைக்கோயில். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். வெளியே காற்று எப்போதும் பலமாக இருக்கும். துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

கிளியூர் அருவிக்குத் தனியாகப் போக வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இறக்கம் செங்குத்து, பாறை வழுக்கும், கோடையில் தண்ணீரும் இருக்காது, விழுந்தால் மேலே ஆள் வரவழைப்பது கஷ்டம். எஸ்டேட்டுக்குள் குறுக்கு வழியாக நடப்பதும் கூடாது. காட்டெருமைகள் காப்பித் தோட்டத்துக்குள் வந்து மேயும். பார்ப்பதற்குச் சாதுவாக நின்றாலும் கிட்டே போனால் பாய்ந்துவிடும். கண்டால் படமெடுக்காமல், முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். இரவு தங்க விரும்பினால் பஸ் ஸ்டாண்டுக்கும் ஏரிக்கும் அருகிலேயே அறை பாருங்கள். எஸ்டேட் நடுவிலுள்ள வீடுகள் படத்தில் அழகு, ஆனால் பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது.

காப்பித் தூள் வாங்கும்போது சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் படியுங்கள். 49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே அனுமதிக்கிறது, அதைக் குறிப்பிட வேண்டும் என்பதுதான் விதி. கலப்பில்லாத தூள் வேண்டுமென்றால் வறுத்த கொட்டையாகக் கேட்டு, கண் முன்னே அரைத்து வாங்குங்கள்.

மே மாதக் கோடை விழா நாட்களில் ஏறும் வண்டிகளையும் இறங்கும் வண்டிகளையும் பிரித்து, ஒரு பக்கத்தைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்தப் பாதை நீளம், ஆள் நடமாட்டம் குறைவு. இருட்டிய பிறகு வாடகைக் காரில் தனியாக அதில் இறங்குவதைத் தவிருங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது.

ஏதாவது தவறாகப் போனால்

112 எல்லா அவசரத்துக்கும், 181 பெண்கள் உதவிக்கு, 139 ரயிலில். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைக் கிளம்புமுன் ஊரிலேயே நிறுவிப் பதிவு செய்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு ஓ.டி.பி.க்குக் காத்திருக்க முடியாது. பஸ்ஸில் தொல்லை என்றால் கண்டக்டரைச் சத்தமாக, "அண்ணா, இங்க வாங்க" என்று கூப்பிடுங்கள். பக்கத்து சீட்டு அக்காக்கள் அதற்குள் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலை நிமித்தம் போகும் இடமும் நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. வாடிக்கையாளரின் ஆலையில் நடந்தது, கம்பெனி காரில் நடந்தது என்று தட்டிக் கழிக்க முடியாது. மூன்று மாதத்துக்குள் உங்கள் அலுவலகத்தின் உள் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. தேதி, நேரம், வண்டி எண் எல்லாவற்றையும் அன்றிரவே உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பி வையுங்கள்.

திரும்பிப் போகும் இரவு, ஜங்ஷனுக்கு வண்டி நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் போனால் போதும். அஞ்சு ரோட்டிலிருந்து இரவில் கால் மணி நேரப் பயணம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் எடுக்கிறவர்கள் பெண்கள் ஒதுக்கீட்டில் முயன்று பாருங்கள், பொது ஒதுக்கீட்டில் காத்திருப்பு வந்துவிட்ட பிறகும் சில நேரம் அதில் இடம் இருக்கும். வண்டி சென்ட்ரலுக்கும் விடியுமுன்பே போய்விடும். மெட்ரோ ஐந்து மணிக்குத் தொடங்கும், அதுவரை காத்திருப்பு அறையில் இருங்கள்.